கிணற்றிலிருந்து தொடங்கும் நகரம்: நாளைய யாழ்ப்பாணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டப் போகிறவர்கள், காணி வாங்கப் போகிறவர்கள், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தொலைபேசியில் விசாரிப்பவர்கள், சபைக் கூட்டத்துக்குப் போய்விட்டு எரிச்சலோடு திரும்பி வருபவர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சட்டம் சொல்லும் இடத்தில் சட்டத்தைச் சொல்கிறேன். மற்ற இடங்களில் வருவது என் அபிப்பிராயம், நீங்கள் மறுக்கலாம்.

யாழ்ப்பாணத்துக்கு நகரத் திட்டம் போடுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

கிணற்றிலிருந்து. கொழும்புக்குக் களனி ஆறு இருக்கிறது, கண்டிக்கு மகாவலி இருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. மிச்ச மாதங்களில் நாம் அள்ளிக் குடிப்பது அதைத்தான். கழிவுக் குழியை வெட்டுவதும், எண்ணெய் ஊற்றுவதும், உரம் போடுவதும் அதே கல்லின் மேல்தான். எனவே வீதி எவ்வளவு அகலம், எத்தனை மாடி, சந்தை எங்கே என்பதெல்லாம் இங்கே கடைசியில் தண்ணீர்க் கேள்விகளாகத்தான் முடியும். அதை முதலிலேயே கேட்டுவிட்டால் செலவு குறைவு.

நன்னீர் வில்லை என்கிறார்களே, அது என்ன?

மழை நீர் கடல் நீரைவிடக் கனம் குறைந்தது. அதனால் கல்லுக்குள் உவர்நீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. நடுவில் தடிப்பாகவும் கரைப்பக்கம் மெலிந்தும் இருப்பதால்தான் வில்லை என்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதை அப்படியே திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அடி இறங்கினால் அடியிலிருந்து உவர் 40 அடி ஏறும். மோட்டர் பூட்டி விடிய விடிய இறைக்கும் கிணறு சவராகிப் போவதற்கு இதுதான் காரணம்.

நம்பிக்கை இல்லாதவர்கள் நிலாவரைக்குப் போய்ப் பார்க்கலாம். அந்தக் கிணற்றில் மேல்மட்டத்துத் தண்ணீர் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே கேணிக்குள் ஊற்று வருகிறதல்லவா? அது தரைப்பக்கமிருந்து கல்வெடிப்புகள் வழியாகக் கடலை நோக்கிப் போகிற தண்ணீர். நிலத்துக்குக் கீழே ஓட்டம் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எவ்வளவு தூரம் விட வேண்டும்?

எல்லோரும் சொல்கிற கணக்கு 50 அடி, அதாவது 15 மீற்றர். மண் தடிப்பாக உள்ள இடத்தில் அது சரி. மண் வடிகட்டும், கிருமிகள் வழியிலேயே சாகும். நம்முடைய ஊரில் பல இடங்களில் ஒன்றிரண்டு அடி மண்ணுக்குக் கீழே கல் வந்துவிடும், கல்லில் வெடிப்பு இருக்கும். வெடிப்பு வழியே போகிற கழிவுக்கு 50 அடி ஒரு தூரமே இல்லை.

இன்னொரு சிக்கல் காணியின் அளவு. இரண்டு பரப்பு என்றால் 20 பேர்ச், ஏறத்தாழ 5,445 சதுர அடி. 60 அடிக்கு 90 அடி என்று வைத்துக்கொள்வோம். பின்மூலையில் கிணறு, முன்பக்கம் குழி என்று உங்கள் காணிக்குள் 50 அடியைக் காட்டிவிடலாம். வரைபடத்திலும் அது அழகாகத் தெரியும். ஆனால் உங்கள் முன்மதிலுக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுக்காரரின் கிணறு பத்தடியில் இருக்கும். வரைபடத்தில் அது இருக்காது, ஏனென்றால் அது உங்கள் காணி இல்லை. அந்த இரண்டு பரப்பையும் சீதனத்துக்காக மூன்றாகப் பிரித்துவிட்டால் கணக்கு முற்றாகவே உடைந்துபோகும்.

நான் சொல்வது இதுதான்: கட்டட அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் சுற்றியுள்ள நாலு வளவுகளின் கிணறுகளும் குழிகளும் குறிக்கப்பட வேண்டும். அதற்கு ஒரு நில அளவையாளரும் ஒரு பின்னேரமும் போதும். அடுத்தது, அடி திறந்த குழியை விட்டுவிடுங்கள். அடியும் பக்கமும் பூசி அடைத்த இரண்டு அறைத் தொட்டி கட்டுங்கள். தெளிந்து வருகிற நீரை ஆழத்தில் இறக்காமல், மேல்மண்ணில் அகலமாகப் பரவ விடுங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை பவுசர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகட்டும். மேசன் "தேவையில்லை ஐயா, இங்கை எல்லாரும் குழிதான்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். பிரச்சினையே அதுதான்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?

கிருமிக்குப் போதும். நைத்திரேற்றுக்குப் போதாது. கொதித்து ஆவியாகும்போது தண்ணீர் குறையுமே தவிர நைத்திரேற்று குறையாது, செறிவு கூடத்தான் செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது எல்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. செயற்கை உரம் பாதிக் காரணம், மலக்குழிகள் மீதிக் காரணம். புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் வீடுகளில் கைக்குழந்தை இருந்தால் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த கதை நகரத் திட்டத்தோடு சம்பந்தப்பட்டதா?

முழுக்க முழுக்க. மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் மிதந்ததும், சனம் வீதிக்கு இறங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குடாநாட்டின் மிகப் பெரிய நன்னீர்ப் படுக்கையின் மேல் எரிபொருள் எரிக்கும் நிலையத்தை வைக்கலாமா என்று யாராவது முதலில் கேட்டிருந்தால் வழக்கே வந்திராது. எந்தத் தொழில் எந்த நிலத்தில் என்று பிரித்து வைப்பதுதான் திட்டமிடலின் மிகப் பழைய வேலை.

தாளையடியிலிருந்து குழாய்த் தண்ணீர் வருகிறதே, இனிக் கிணறு எதற்கு?

அடிக்கடி வரும் கேள்வி. கொஞ்சம் பயமும் தருகிறது.

முதலில் பின்னணி. யாழ்ப்பாணத்துக்குக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவதுதான் முதல் திட்டம். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. அதன் பிறகுதான் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை வந்தது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், ஒரு நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. நல்ல விடயம், வேண்டியதும்கூட.

ஆனால் கடல்நீரிலிருந்து உப்பை நீக்க மின்சாரம் நிறைய வேண்டும். மின்கட்டணம் ஏறினால் தண்ணீரின் விலையும் ஏறும், அல்லது யாரோ அந்த நட்டத்தைச் சுமக்க வேண்டும். இரண்டாவது, இதை யாரும் சொல்வதில்லை: குழாயில் தண்ணீர் வந்தால் வீட்டில் பாவனை கூடும். பாவித்த தண்ணீர் எங்கே போகிறது? நகருக்குள் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. எல்லாம் அதே குழிக்குள், அதே கல்லுக்குள். குடிநீரைக் கொண்டுவந்துவிட்டுக் கழிவுநீரை மறந்தால் நிலத்தடிக்குப் போகிற அழுக்கு கூடுமே ஒழியக் குறையாது. மூன்றாவது, குடிக்கத் தேவையில்லை என்றானதும் கிணற்றை யாரும் கவனிப்பதில்லை. சில வளவுகளில் அது குப்பைக் கிடங்காகிவிடுகிறது.

கார்த்திகை வந்தால் வெள்ளம், சித்திரையில் தண்ணீர் இல்லை. இது என்ன விதி?

விதி இல்லை. இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். கார்த்திகைத் தண்ணீரைக் கடலுக்குத் துரத்திவிட்டுச் சித்திரையில் தேடுகிறோம்.

2008இல் நிஷா புயல், 2020இல் புரெவி. இரண்டின்போதும் நகரும் புறநகரும் நாட்கணக்கில் நீரில் நின்றன. புயல் மழைக்கு எந்த ஊரும் திணறும்தான். ஆனால் இப்போது சாதாரண மழைக்கே ஒழுங்கையில் முழங்கால் அளவு நிற்கிறதே, அதற்கு மூன்று காரணங்களைச் சொல்வேன்.

ஒன்று மதில். முன்பு கிடுகு வேலியும் கிளுவைக் கதிகாலும் இருந்தன. வளவுக்குள் விழுந்த மழையும் ஒழுங்கையில் ஓடிய மழையும் வேலிக்கு அடியால் அங்கும் இங்கும் போய் நிலத்தில் இறங்கின. இப்போது இரண்டு பக்கமும் அத்திவாரத்தோடு மதில். ஒழுங்கை தானாகவே வாய்க்கால் ஆகிவிட்டது, முடிவில் வாசல் இல்லாத வாய்க்கால்.

இரண்டு வீதியின் உயரம். வீதியைப் புதுப்பிக்கும்போது பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சில அங்குலம். பழைய வீடுகளுக்குப் போனால் கேற்றிலிருந்து வளவுக்குள் இறங்கித்தான் போக வேண்டியிருக்கும். கட்டும்போது வீடு வீதியைவிட உயரமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் இனி என்ன செய்வார்? முற்றத்துக்கு மண் போட்டு உயர்த்துவார். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவரும் மண் போடுவார். கிறவல் லொறிக்காரருக்கு மட்டும் இதில் லாபம்.

மூன்று குளம். அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது, கீழே பாருங்கள்.

முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதிக்கலாமா?

கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் பதியுங்கள்.

குளங்களைத் திருத்தி நடைபாதையும் மின்விளக்கும் போடுகிறார்கள். அது போதுமா?

ஆரியகுளம் 2021இல் திருத்தப்பட்டது. பின்னேரங்களில் பிள்ளைகளும் வயது போனவர்களும் போய் இருக்க ஓர் இடம் கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், இந்த நகரில் காசு கொடுக்காமல் இருக்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு.

ஆனால் குளத்தின் வேலை மழையை வாங்கி நிலத்துக்குள் இறக்குவது. குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேல் குளங்கள் இருந்ததாகக் கணக்கு. நகருக்குள்ளேயே ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக் குளம், நல்லூரில் யமுனா ஏரி என்று வரிசை உண்டு. ஒன்று நிறைந்தால் வழிந்து அடுத்ததுக்குப் போகும் வகையில் வாய்க்கால்கள் இருந்தன. குளம் இன்றும் வரைபடத்தில் இருக்கும். வாய்க்கால்தான் கடைத்தெருவுக்குள்ளும் மதிலுக்குள்ளும் காணாமல் போயிருக்கும். எனவே ஒரு குளத்தைத் திருத்திவிட்டோம் என்று சொன்னால், கார்த்திகையில் நல்ல மழை பெய்கிற நாளில் குடையோடு போய் அதன் வாய்க்கால் வாயைப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, வருகிற தண்ணீரின் நிறம் என்ன, மதகில் என்ன சிக்கியிருக்கிறது? யோகட் கோப்பையும் ஷொப்பிங் பையும் அடைத்திருந்தால் மேலே எரிகிற விளக்கால் பயனில்லை. உணவகத்துக் கழிவு கலந்து சாம்பல் நிறத்தில் வந்தால் அந்தக் குளம் நீரை ஊட்டவில்லை, அழுக்கை ஊட்டுகிறது.

வழுக்கையாறு ஆறுதானே?

மழைக்கால ஆறு. வலிகாமத்து வடக்கிலிருந்து வயல்களூடாக வந்து அராலியில் கடலேரியில் சேருகிறது. அதன் கரையோரத்தைக் கட்டடங்களிடமிருந்து காப்பாற்றினால் சுற்றியுள்ள கிராமங்களின் கிணறுகள் தப்பும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டி, கடலேரிகளை மெல்ல மெல்ல நன்னீராக்கும் யோசனையைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954லேயே முன்வைத்தார். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று பேர்பெற்ற திட்டம். அணைகள் வந்தன, திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. எழுபது வருடமாகப் பேசுகிறோம்.

நகரம் நெருக்கமாகிவிட்டது, இனி மாடி கட்டத்தானே வேண்டும்?

நெருக்கமாகவில்லை. 1981இல் மாநகர எல்லைக்குள் 1,18,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2012 கணக்கெடுப்பில் ஒரு இலட்சத்துக்கும் குறைவு. 1990இல் சோனகத் தெருவிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள், 1995 ஒக்ரோபரில் ஊரே வெளியேறியது, பல பத்தாண்டுகளாக வெளிநாடு போனார்கள். நகரின் உள்பகுதியில் பூட்டிய வீடுகளும் பற்றை வளர்ந்த வளவுகளும் இன்றும் உண்டு. நெருக்கமாகத் தெரிவது வாகனத்தால்.

அதேநேரம் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் செம்மண் தோட்டங்கள் துண்டு துண்டாக வீட்டுக் காணிகளாகின்றன. வெங்காயமும் வாழையும் விளைந்த மண். ஒருமுறை அத்திவாரம் போட்டால் திரும்பித் தோட்டமாகாது. எனவே மாடிக்கு நான் எதிரி இல்லை. பிரதான வீதிகளில் மூன்று நாலு மாடி, கீழே கடை, மேலே குடியிருப்பு, கட்டடத்துக்கென்று சொந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று கட்டினால் தோட்டம் தப்பும். அந்தக் கடைசி நிபந்தனை இல்லாமல் மாடி கட்டினால் ஒரே குழிக்குள் பத்துக் குடும்பத்தின் கழிவு போகும்.

பண்பாட்டு மையத்தின் 11 மாடிக் கட்டடம் நூலகத்தின் வெள்ளைக் குவிமாடத்தைச் சிறிதாக்கிவிட்டது என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கும் அந்த மனக்குறை உண்டு. சரி, கட்டியாயிற்று. பக்கத்தில் இன்னொன்று வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் வெளிநாட்டில். ஊரில் காணி சும்மா கிடக்கிறது. என்ன செய்யலாம்?

விற்கத்தான் வேண்டும் என்றில்லை. முதலில் கிணற்றை வலையால் மூடி, தொட்டிகளைக் கவிழ்த்து, பற்றையை வெட்ட ஓர் ஆளை ஒழுங்கு செய்யுங்கள். டெங்கு பெருகுவது இப்படியான வளவுகளில்தான். அயலவர் முறையிட்டால் வழக்கும் வரலாம். பிறகு, நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரம்) கொடுத்துக் குறைந்த வாடகைக்கு விடலாம், அல்லது மரக்கறித் தோட்டத்துக்குக் கொடுக்கலாம். விற்பதானால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின்படி, காணியில் பங்குள்ளவர்களுக்கு முதலில் அறிவிக்க வேண்டும், அதைச் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துண்டுபோட்டு விற்கும் தரகர் நல்ல விலைதான் சொல்வார். ஆறு துண்டு போட்டால் ஆறு குழி வெட்டப்படும்.

வீதிகளை அகலமாக்கினால் நெரிசல் குறையுமா?

சில காலத்துக்கு. யாழ்ப்பாணம் தட்டையான ஊர், ஏற்ற இறக்கமே இல்லை. சைக்கிளுக்கு இதைவிட நல்ல நிலம் இலங்கையில் இல்லை. போர்க்காலத்தில் எரிபொருள் இல்லாமல் ஊர் முழுக்கச் சைக்கிளில் ஓடியதை மறந்திருக்க மாட்டோம். அது வறுமையின் அடையாளம் என்று நினைத்து மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் தாவிவிட்டோம். இப்போது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் போவதைப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அகலிப்பில் முதலில் விழுவது மரம். நாற்பது வருடத்து வேம்பை அரை நாளில் சரித்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு கன்றை வைத்துப் படம் எடுக்கிறார்கள். பங்குனி வெயிலில் நிழல் இல்லாத நடைபாதையில் யார் நடப்பார்? கச்சேரியடியில் இருக்கும் பழைய பூங்காவின் பெருமரங்கள் 19ஆம் நூற்றாண்டில் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரையின் காலத்துக்குப் போகிற வரலாறு கொண்டவை. வெள்ளைக்காரனுக்கு இருந்த பொறுமை நமக்கும் இருக்கலாம்.

பஸ்ஸைப் பற்றிக் கேட்டால்: நேர அட்டவணையை அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒன்றாகப் பகிர்ந்துகொண்டால் பாதி நெரிசல் போய்விடும். அந்தச் சண்டை எனக்குத் தெரிந்து முடிந்ததே இல்லை.

குப்பை எங்கே போகிறது?

மாநகரத்தின் குப்பை கல்லுண்டாய் வெளிக்குப் போகிறது. கடலேரிக் கரை, காற்று வெளி. அவ்வப்போது தீப்பிடித்துப் புகை அயல் கிராமங்களுக்குப் போகும். நகரத்தார் கொட்டியதை ஊரார் சுவாசிக்கிறார்கள். சமையலறைக் கழிவை வளவிலேயே வாழையடியில் புதைக்கக்கூடிய ஊர் இது. பொலித்தீனை வேறாகக் கட்டி வைத்தாலே லொறியின் சுமை வெகுவாகக் குறையும்.

பழைய வீடுகளைக் காப்பாற்றுவது பணக்காரப் பொழுதுபோக்கா?

நாற்சார் வீட்டின் நடுமுற்றம் மழையை வாங்கும், வெப்பத்தை வெளியேற்றும். கூரை போட்ட வாசலான சங்கடப் படலையின் கீழே வழிப்போக்கர் நின்று தண்ணீர் குடித்தார்கள். பருத்தித்துறையில் தெருமூடி மடத்துக்குக் கீழால் இன்றும் வீதி போகிறது, இரண்டு பக்கத் திண்ணையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற நகர வடிவமைப்பு நம்மிடம் இருந்தது என்பதற்கு இவை சான்று. எல்லா வீட்டையும் அருங்காட்சியகம் ஆக்கச் சொல்லவில்லை. புதிதாகக் கட்டும்போது முன்விறாந்தையையும் முற்றத்தையும் மறக்காமல் இருந்தால் போதும். குளிரூட்டியின் மின்கட்டணமும் குறையும்.

இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

பலர், அதுதான் சிக்கல். கட்டட அனுமதி மாநகர சபை, நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குகளின்படி. பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபை. குடிநீர் தேசிய நீர் வழங்கல் சபை. குளம் என்றால் இன்னொரு திணைக்களம். திருநெல்வேலிச் சந்தியைத் தாண்டினால் நல்லூர் பிரதேச சபை. மழைநீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. கண்டி, காலியோடு யாழ்ப்பாணத்தையும் சேர்த்த உலக வங்கிக் கடன் திட்டத்தில் வடிகால்களும் வீதிகளும் செய்யப்பட்டன. வேலை முடிந்தபின் வடிகாலைத் தூர்வார வேண்டியது யார் என்பதில்தான் இழுபறி.

2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை உள்ளூராட்சி சபைகளில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இல்லை. இப்போது இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினர் யார் என்று தெரியாவிட்டால் இன்றைக்கே விசாரியுங்கள்.

திட்ட வரைபு ஒன்று மக்கள் பார்வைக்கு வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

கணினியில் வரைந்த வண்ணப் படங்களைத் தள்ளி வையுங்கள். அவற்றில் எப்போதும் வானம் நீலமாக இருக்கும், வெள்ளை ஆட்கள் நாய்க்குட்டியோடு நடப்பார்கள். நிலப் பயன்பாட்டு வரைபடத்தைக் கேளுங்கள். அதில் உங்கள் ஒழுங்கையைக் கண்டுபிடியுங்கள். கடந்த வெள்ளத்தில் தண்ணீர் நின்ற இடம் அதில் என்ன நிறத்தில் இருக்கிறது? வாய்க்கால் குறிக்கப்பட்டிருக்கிறதா? குருநகர், நாவாந்துறை போன்ற தாழ்ந்த கரையோரங்களுக்கு, கடல் ஏறினால் என்ன என்று ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? கழிவுநீருக்கு எந்த நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது?

இல்லாததை எழுத்தில் கேளுங்கள். பொதுவாக "வடிகாலைச் சீர்செய்க" என்று எழுதினால் கோப்புக்குள் போய்விடும். வீதியின் பெயர், மதகு இருக்கும் இடம், தண்ணீர் நின்ற நாட்கள், கைத்தொலைபேசியில் எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்து, அயலில் பத்துப் பேரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.